யாமினி சாகாத உலகங்கள்

பினாங்கில் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினால் நாம் முன்னால் உட்கார வேண்டும். ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிப்பார். சென்னையில் எதிரே பஸ் வந்தால் நமக்கும் அதற்கும் நடுவில் ரிக்‌ஷாக்காரரின் முதுகாவது இருக்கும். இங்கே அதுவும் கிடையாது. எதிரே வந்த லாரி ஒவ்வொன்றும் என் மடியில் ஏறப்போவது போலவே வந்தது.

ஓட்டியவர் ஒரு சீனக் கிழவர். "டத்தோ கிராமாட்" என்று சாலைப் பெயரை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். பிறகு முக்கால் மணி நேரம் மிதித்து ஒரு சந்து முனையில் இறக்கிவிட்டார். தெருப் பலகையையும் என் கையிலிருந்த முகவரிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட ஒத்துவரவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் கிழவர் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது.

இந்த ஊரில் கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை விட்டிருக்கிறார்கள். மழை வந்தால் எல்லோரும் அதில் ஒதுங்குகிறார்கள். நானும் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு தமிழர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சைக்கிளின் பின்னால் பெரிய தகரப் பெட்டி. உள்ளே இடியாப்பம்.

"அக்கா ஊர்ல இருந்து வந்தீங்களா?" என்றார், என் பெட்டியைப் பார்த்துவிட்டு.

"மெட்ராஸ்."

கேட்காமலே இரண்டு இடியாப்பத்தை இலைத்துண்டில் வைத்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிக் கொடுத்தார். "இங்க இதுக்கு பேரு புட்டு மாயம். சாப்பிடுங்க, மழை இப்போ விடாதுலா."

சாப்பிட்டுக்கொண்டே முகவரிச் சீட்டை நீட்டினேன். "ஆர்ட்டிஸ்ட் தனபாலன் வீடா? பக்கந்தான். ரெண்டு ஜாலான், அதான் ரெண்டு தெரு தள்ளி" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "துக்கம் விசாரிக்க வந்தீங்களா?"

"என்ன துக்கம்?"

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "அவரு சம்சாரம் தவறிட்டாங்கள்ல. எட்டு மாசம் ஆவுது. உங்களுக்குச் சொல்லலையா?"

இலையில் ஒன்றரை இடியாப்பம் மீதி இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மழை விடும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் சித்திரக்கதை எழுதுகிறவள். சென்னையில் ஒரு மாத இதழில் பதினாலு வருடமாகச் 'சுடரோன்' என்கிற வீரனின் கதை என் எழுத்திலும் தனபாலனின் சித்திரத்திலும் வந்துகொண்டிருந்தது. சுடரோன் பறப்பான், நெருப்பைக் கையால் அள்ளுவான். அவன் மனைவி யாமினிக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அதனாலேயே வாசகர்களுக்கு அவள்மேல் உயிர். கட்டடம் இடிந்தாலும் கப்பல் மூழ்கினாலும் சுடரோனுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். யாமினிக்கு ஆகலாம். பக்கத்தைப் புரட்ட வைத்தது அந்த ஒரு பயம்தான்.

தனபாலன் பினாங்கில் பிறந்தவர். ஓவியம் படிக்கச் சென்னை வந்து, அங்கேயே ராஜேஸ்வரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மகள் கௌரிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு பத்து வருடமாகப் படங்கள் தபாலில்தான் வந்தன. யாமினியின் முகம் ராஜேஸ்வரியின் முகம். எழும்பூரில் குடியிருந்தபோது, "அப்படியே நில்லு ராஜி" என்று அவர் சொல்ல, அவள் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் யாமினியைக் கொன்றேன். அணை உடைகிறது, ஊரைக் காப்பதா, அவளைக் காப்பதா என்று சுடரோனுக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அவன் ஊரைக் காக்கிறான். அந்த இதழுக்கு வந்த கடிதங்களை அலுவலகத்தில் வைக்க இடமில்லை. அழுதவர்கள், திட்டியவர்கள், சாப்பிடாமல் படுத்த பெண் பிள்ளைகள். எழுதுகிறவளாக என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மாதம் எனக்கு இல்லை.

பிறகு எங்கள் முதலாளியின் கையில் சில அமெரிக்கப் புத்தகங்கள் கிடைத்தன. அவற்றில் பூமி ஒன்றல்ல, பல. இங்கே செத்தவன் அங்கே உயிரோடு இருக்கிறான். வேண்டும்போது கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"யாமினியைக் கொண்டு வந்துடலாம் விஜயா. நம்மவ செத்தவளாவே இருக்கட்டும். இவ வேற பூமி யாமினி. ஆனா அதே ஆளு."

"அப்ப அழுதவங்க எல்லாம் ஏமாளிங்களா சார்?"

"அழுதவங்கதான் முதல்ல சந்தோஷப்படுவாங்க."

சண்டை போட்டேன், தோற்றேன், எழுதிக் கொடுத்தேன். கதை தனபாலனுக்குத் தபாலில் போய் நாலு மாதம் ஆகியும் ஒரு பக்கம்கூட வரவில்லை. என் சித்தி மகளுக்கு மலேசியாவின் ஈப்போவில் கல்யாணம் என்று நான் புறப்பட்டபோது, "அப்படியே பினாங்குக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடு" என்றார் முதலாளி. தனபாலன் வரைய மறுத்துவிட்டார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மறுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். ஓவியர் முடியாது என்கிறார் என்று போய்ச் சொல்லிவிடலாம் அல்லவா.

கதவைத் திறந்தவள் கௌரி. இருபத்திரண்டு வயது. நீலத் தொழிற்சாலைச் சட்டை. "ஆன்ட்டி!" என்று உடனே அடையாளம் கண்டுகொண்டாள். என் பெட்டியை வலது கையால் வாங்கினாள். இடது கை முழங்கையில் மடிந்தபடியே நின்றது. அது நீளவில்லை.

தனபாலன் ஜன்னலோரம் மேசையில் குனிந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "வாங்க விஜயா. உட்காருங்க. இந்தக் கட்டத்தை முடிச்சிடறேன்" என்றார். அந்தக் கட்டம் முடிய ஒரு மணி நேரமானது. நான் ராஜேஸ்வரியைப் பற்றி எடுத்தேன். எனக்கு இன்றைக்குத்தான், அதுவும் தெருவில்தான் தெரிந்தது என்றேன். "ம்" என்றார். பிறகு, "நீங்க எழுதி அனுப்பினது வந்துச்சு. நல்ல கதை. வரைஞ்சுகிட்டுதான் இருக்கேன்" என்றார்.

அவர் மறுக்கவில்லை. எனக்கு இருந்த ஒரே சாக்கு போய்விட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். கௌரி மீன்குழம்பு வைத்திருந்தாள்; நம் ஊர்ப் புளி, இந்த ஊர்த் தேங்காய்ப்பால். "உப்பு எடுத்துக் கொடுங்க விஜயா" என்றார் தனபாலன். உப்புக் கிண்ணம் கௌரியின் கைப்பக்கம் இருந்தது. அவள் அதை என் பக்கம் நகர்த்தினாள். நான் எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அவர் அவள் இருந்த திசையில் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கௌரி சொன்னாள். அவளுக்கு வேலை கடலுக்கு அந்தப் பக்கம், ஜுருவில், கார்களுக்கு ஒயர் செய்யும் தொழிற்சாலையில். அங்கே ஒரு சிநேகிதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம் என்று அம்மாவும் இவளுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நல்ல மழை ஆன்ட்டி. கடல் பாலம் தாண்டிட்டோம். ஒரு வளைவுல மோட்டார் வழுக்கிடுச்சு. நான் இந்தப் பக்கம் விழுந்தேன், அம்மா அந்தப் பக்கம். பின்னால லோரி."

தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"அன்னையில இருந்து அப்பா என்கிட்ட பேசல. திட்டவும் இல்லலா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மறுநாள் கௌரி விடியும்போதே வேலைக்குப் போய்விட்டாள். தனபாலன், "இன்னும் ஒரு நாள் வேணும். ஊரைப் பார்த்துட்டு வாங்க" என்றார். வீட்டில் இருக்க எனக்கும் முடியவில்லை.

இங்கே தேநீர் கேட்டால் டப்பாப் பாலை ஊற்றி இரண்டு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றித் தருகிறார்கள். நம் ஊர் டீக்கடையைவிட நீளமான இழுப்பு. அதைக் குடித்துவிட்டு சௌரஸ்தா சந்தைக்குப் போனேன். கீழே மீனும் ஜாதிக்காய் ஊறுகாயும். மாடியில் பழைய புத்தகக் கடைகள். ஒரு கடையில் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல பூமிக் கதைகள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கட்டாவே கெடக்குதும்மா, அந்த மூலையில. எடுத்துக்குங்க."

"யாரும் வாங்கறதில்லையா பாய்?"

"வாங்குவாங்க. ஆனா முன்ன மாதிரி இல்ல. முன்ன ஒரு ஹீரோ செத்தா, அடுத்த புக்கு எப்ப வரும்னு படிக்கட்டுல நிப்பாங்க. மூஞ்சி எல்லாம் செத்துப்போய் இருக்கும். இப்ப அதே ஆளுங்க சிரிக்கிறாங்க. 'பாய், அடுத்த மாசம் வேற உலகத்துல இருந்து வந்துடுவான் பாருங்க'ங்கறாங்க. வந்துடறான்."

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். விசிறி நின்றது.

"அப்ப நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் போனா அதே மாதிரி இன்னொருத்தன் வருவான்னா, அந்த வீரன் எதுக்கு ஓடி ஓடிக் காப்பாத்தறான்?"

மூலைக் கட்டின் பக்கம் போனேன். நின்றபடியே ஒரு புத்தகத்தைப் படித்தேன். ஒரே வீரன் மூன்று பூமியிலிருந்து மூன்று பேராக வந்து கைகுலுக்குகிறான். ஒருவன் நெஞ்சில் அடிபட்டு விழுந்தான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். புரட்டிய பிறகுதான் கவனித்தேன், அவன் விழுந்தபோது எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே. புத்தகத்தை வைத்துவிட்டு இறங்கினேன். யாமினிக்கும் இதுதான் நடக்கப் போகிறது. யாமினி திரும்பி வந்த அன்றைக்கு, இரண்டு வருடத்துக்கு முன் வாசகர்கள் அழுத அழுகையும் செல்லாமல் போய்விடும்.

மதியம் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சோற்றின்மேல் மீன்குழம்பு, அதன்மேல் கோழிக்குழம்பு, அதன்மேல் கத்தரிக்காய் என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே போனார் பரிமாறுகிறவர். எல்லாம் கலந்து ஒரு ருசியாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. "புங்குஸ் பண்ணிடவாக்கா?" என்று பொட்டலம் கட்டக் காகிதத்தை எடுத்தார். வேண்டாம் என்றேன். துறைமுகம் வரை நடந்தேன். ஒரு காலத்தில் நம் ஆட்கள் மூட்டை சுமந்த இடத்தில் பாரந்தூக்கி ஒன்று இரும்புப் பெட்டிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. வெயில் தாழும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை தனபாலன் படங்களின் கட்டைக் கொடுத்தார். நான் எழுதி அனுப்பியது முப்பத்திரண்டு பக்கக் கதை. கையில் இருந்தது எழுபத்தெட்டுப் பக்கம்.

கூடத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஏழு பூமிகள். முதல் பூமியில் அவள் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். இரண்டாவதில் ஈரத் தலையைத் துவட்டுகிறாள். மூன்றாவதில் கார் ஓட்டக் கற்கிறாள். நாலாவதில் முன்நெற்றி நரைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் சுடரோன் இருக்கிறான். அங்கி இல்லை, நெருப்பு இல்லை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கியபடி அவள் பின்னால் நடக்கிறான். எதிரி இல்லை, சண்டை இல்லை. நான் எழுதிய வசனம் ஒன்றுகூட இல்லை. தனபாலன் தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே சிறந்த கோடுகள் அவை. நீர்த்துளி துண்டில் இறங்குவது தெரிந்தது.

முதல் இருபது பக்கத்தை ஒவ்வொரு கட்டமாக நிதானித்துப் பார்த்தேன். முப்பதாம் பக்கத்தில் அது நின்றுவிட்டது. ஐம்பதாம் பக்கத்தில் இன்னும் எத்தனை பாக்கி என்று ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. அவளுக்கு எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவளைப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. முதலிலிருந்து மறுபடியும் புரட்டினேன். சந்தை, கிணற்றடி, கார், கோயில், அடுப்படி. ஏழு பூமியிலும் தேடினேன்.

"கௌரி எங்கே?" என்றேன்.

"யாமினிக்குப் புள்ள கிடையாதே. நீங்க எழுதவே இல்லையே."

"இது யாமினி இல்லை. இது ராஜேஸ்வரி. இது உங்க அடுப்படி. இந்த அலமாரி அங்கேதான் இருக்கு. கௌரி எங்கே?"

அவர் தூரிகையைத் தண்ணீரில் விட்டு அலசினார். நிதானமாகத்தான் பேசினார்.

"அவ இருந்தா மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தா மழை வரும். எல்லா உலகத்துலயும் போட்டுப் பார்த்துட்டேன் விஜயா. அவளை வச்சு வரைஞ்சா, எங்க ஆரம்பிச்சாலும் அந்த வளைவுலதான் போய் நிக்குது. அவளை எடுத்துட்டா ராஜி பிழைச்சுக்கிறா."

நாலு மாதமாக நான் பல பூமிக் கதைகளை எதிர்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் யாருக்கும் எதுவும் இழப்பதற்கில்லை, அதனால் கதைக்கு உயிரில்லை என்பதுதான் என் வாதம். முதலாளியிடம் சொன்னதும் அதுதான், புத்தகக்கடைப் பெரியவர் சொன்னதும் அதுதான். இந்த மனிதரின் மேசையில் வேறு ஒன்று இருந்தது. செத்தவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று நம்பத் தொடங்கிவிட்டால், இங்கே உயிரோடு இருப்பவள் வேண்டாதவளாகிவிடுகிறாள். ஏழு உலகத்தையும் தனபாலன் அந்த விலைக்குத்தான் வாங்கியிருந்தார். அந்த உலகங்களை முதலில் அவருக்குத் தபாலில் அனுப்பியவள் நான்.

எனக்குக் கோபம் வந்தது. "இதிலே கதையே இல்லை. நாலு பக்கத்துக்கு மேல எவனும் புரட்டமாட்டான்" என்று கத்தினேன்.

"எவனும் புரட்ட வேண்டாம். அச்சாகட்டும். எங்கேயோ நூறு வீட்டுல அவ மீன் வாங்கிட்டு இருக்கட்டும்."

"ஒரே ஒரு கட்டத்துல கௌரியை வரைங்க. மூலையிலே, முதுகு காட்டிக்கிட்டு நின்னாக்கூடப் போதும். அவ இந்த வீட்டுலதான் இருக்கா. உங்களுக்கு மீன்குழம்பு வச்சுப் போட்டுக்கிட்டு இருக்கா."

"தெரியும்" என்றார்.

அவர் கண் என்மேல் வந்து நின்றது. நான் வந்த நாளிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீங்க யாமினியைக் கொன்னீங்க. அந்தச் சாவை இந்தக் கையாலதான் வரைஞ்சேன், இவ முகத்தை வச்சு. உங்களுக்கு அடுத்த மாசம் வேற கதை இருந்துச்சு விஜயா. எனக்கு இல்ல."

கட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவரோடு இருந்திருக்குமே என்றும் சில நாள் தோன்றுகிறது. கௌரியின் கண்ணில் படாமல் கொண்டுபோவது நல்லது என்று சில நாள் தோன்றுகிறது.

ஆனால் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

நாலாம் நாள் காலை இருவரும் ஒன்றாகவே கிளம்பினோம். அவளுக்கு அக்கரையில் வேலை, எனக்கு அக்கரையில் ரயில். கௌரி இப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை. படகில் போய் அங்கிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் போகிறாள். படகு என்றால் சின்னதல்ல. கீழ்த்தட்டில் கார்களும் மேல்தட்டில் ஆட்களுமாக ஒரு தெருவே மிதந்து போகிற மாதிரி. இந்தத் தீவுக்கு வருவதற்குத்தான் கட்டணம். விட்டுப் போவதற்கு இல்லை. "போறவங்கள யாரும் தடுக்கறதில்ல ஆன்ட்டி" என்று சிரித்தாள் கௌரி. மூன்று நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

படகு நகர்ந்ததும், "அப்பா வரைஞ்சதை நான் பார்க்கலாமா?" என்றாள்.

"மழைத்தூறல் இருக்கும்மா. நனைஞ்சுடும்."

"இங்க நனையாதுலா."

உள்பக்க இருக்கையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் தாளை அமுக்கி, வலது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவசரப்படவில்லை. எங்களுக்கு எதிரே ஒரு மலாய்ப் பெண் கைக்குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கௌரி எழுபத்தெட்டுப் பக்கமும் பார்த்து முடிக்கும்போது அக்கரை வந்துகொண்டிருந்தது.

"அம்மா நல்லா இருக்காங்க" என்றாள்.

தாள்களின் ஓரத்தைத் தட்டி அடுக்கிவிட்டு, "நான் இல்லல்ல?" என்றாள்.

சித்திரக்கதைக்காரிக்குப் பொய் சொல்ல வராதா? "நான் எழுதின கதையிலே பொண்ணு கிடையாதும்மா. எழுதாததை அவர் எப்படி வரைவார்? என் தப்பு அது."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினாள். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"இது ஒண்ணு நான் வச்சுக்கவா ஆன்ட்டி?" நாலாவது பூமியில் அம்மாவுக்கு முன்நெற்றி நரைத்த பக்கம் அது. "அம்மாவுக்கு நரை வந்து நான் பார்த்ததே இல்ல."

எடுத்துக் கொடுத்தேன். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இறங்குதுறை வெளியே அவளுடைய பஸ் நின்றிருந்தது. நீலச் சட்டைப் பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறினாள். எல்லோருக்கும் ஒரே சட்டை. ஜன்னல்களில் எது அவள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுவாகக் கையை ஆட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தேன்.

சென்னையில் முதலாளி பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார். வேறொரு ஓவியரைக் கூப்பிட்டு ஆறு இடத்தில் ஓர் அரக்கனைச் சேர்க்கச் சொன்னார். நான் வசனம் எழுதினேன். ஆமாம், எழுதினேன். மீன் வாங்குகிற பெண்ணின் வாயில், "அந்த அரக்கன் இந்த உலகத்துக்கும் வந்துவிட்டானா!" என்று எழுதினேன். இதழ் நன்றாக விற்றது. சந்தோஷக் கடிதங்கள் வந்தன.

ஆறு மாதம் கழித்துச் சுடரோனின் ஆருயிர் நண்பனைக் கொன்றேன். கதைக்கு அது தேவைப்பட்டது. யாமினிக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிகச் சிரமம் எடுத்துக்கொண்டு எழுதினேன். மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றில் கரூர் வாசகர் ஒருவர், நண்பர் எந்தப் பூமியிலிருந்து திரும்புவார் என்று போட்டி வைத்தால் சுவாரசியமாக இருக்கும் என்று யோசனை சொல்லியிருந்தார். அடுத்த வருடம் இதழ் நின்றது. எனக்கு வருத்தமாகக்கூட இல்லை.

தனபாலன் அதன்பின் எதுவும் அனுப்பவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது. கௌரியிடமிருந்து.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, இப்போது வரைவதில்லை என்று எழுதியிருந்தாள். தைப்பூசத்தன்று அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தாளாம். அவர் நிமிர்ந்து பார்த்து, "ராஜி" என்றாராம்.

'நான் அம்மா இல்லைன்னு சொல்லல ஆன்ட்டி. என்னங்கன்னு கேட்டேன். அன்னையில இருந்து அப்பா என்கிட்ட பேசறார். என்ன சமையல்னு கேட்கிறார். மழை வருது, துணிய எடுன்னு சொல்றார். ரெண்டு வருசமா அவர் குரல் என் பக்கம் வரலை, இப்ப வருது. கௌரி எங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஜுரு வேலைய விட்டுட்டேன். பகல்ல அவருக்கு ஆள் வேணும்.'

பதில் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளில் எனக்கு இரண்டு வரிக்குமேல் வரவில்லை. உறையில் அவள் பெயரை மட்டும் முழுதாக, பெரிய எழுத்தில் எழுதினேன். அந்த ஊரில் தபால்காரர் வாசலில் நின்று 'கௌரி' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா, இல்லை பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவாரா என்று எனக்குத் தெரியாது.